கடல் சாமந்தி விரியும் நேரம்

ஜூலை 1, திங்கள்

இருபத்தைந்தாம் தேதி தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. காலையில் முதல்வர் சிஸ்டர் எல்லாத் துறைத்தலைவர்களையும் உட்காரவைத்துச் சொன்னார். மற்ற துறைக்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நாற்காலியைத் துடைத்துவிட்டால் தப்பித்துவிடலாம். விலங்கியலுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. "பிலோமினா, உங்க மியூசியத்தைத்தான் முதல்ல காட்டப்போறேன்" என்றார். பாராட்டா தண்டனையா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

சாயங்காலம் அலமாரிகளைத் திறந்தேன். மீன், பாம்பு, பறவைப் பக்கம் பரவாயில்லை. முதுகெலும்பற்றவை பக்கம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பாதிக் குப்பிகளில் திரவம் வற்றிக் கிடக்கிறது. மீதிப் பாதியில், நான் விடுப்பில் இருந்த நேரம் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவதி வெங்காரம் சேர்க்காத ஃபார்மலினை ஊற்றி வைத்திருக்கிறாள். வெறும் ஃபார்மலினுக்குப் புளிப்பு உண்டு, சுண்ணாம்பைத் தின்றுவிடும். நத்தை ஒன்று ஓடே இல்லாமல் மிதக்கிறது. இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த நித்யா அதைப் பார்த்து, "இது எந்த வகை மேடம்?" என்று கேட்டாள். நத்தைதான், வீட்டைத் தொலைத்த நத்தை என்றேன்.

எல்லாவற்றையும்விடக் கேவலம் கடல் சாமந்தி, பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற பிராணி. கொட்டைப்பாக்கு மாதிரி சுருண்டு கிடக்கிறது. உயிரோடு இருப்பதை நேரே மருந்தில் போட்டால் அப்படித்தான் ஆகும். பூவிதழ்போல் விரிந்திருக்கும் உணர்நீட்சிகளை எல்லாம் வாய்க்குள் இழுத்து மூடிக்கொண்டு சாகும். எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பாக்கைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் விரிந்த படம் வரைந்து மார்க் வாங்கிப் போயிருக்கிறார்கள். இந்தத் தடவை விரிந்த ஒன்றை வைத்தே தீருவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வீட்டில் என் கணவர் கஸ்பாருக்குத் தொண்டைக் கரகரப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு இருபத்திரண்டாம் தேதி என்று குறித்திருக்கிறார்கள். சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். இரவுக்குக் கஞ்சியும் மசித்த உருளைக்கிழங்கும்.

ஜூலை 3, புதன்

இரண்டாம் ஆண்டுக்கு வளைதசைப்புழுக்கள். இருபத்தாறு வருடமாக நடத்துகிற பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன். நமக்கு நரம்புத் தண்டு முதுகுப் பக்கம். மண்புழுவுக்கு வயிற்றுப் பக்கம். மேலே இருக்கிற மூளையிலிருந்து கீழே இறங்கும் வழியில் அது தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டு போகும். இறாலுக்கும் கரப்பான்பூச்சிக்கும் நத்தைக்கும் அதே கதைதான். எட்டுக் கைப் பேய்க்கணவாய்க்கு இன்னும் விசேஷம், அதன் உணவுக்குழாய் மூளையின் நடுவிலேயே புகுந்து போகிறது. பெரிய கவளமாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து. பிள்ளைகள் ரசிக்கிற இடம் இது. என் கழுத்தை நானே பிடித்துக்கொண்டு திணறுவதுபோல் நடித்துக் காட்டுவேன், வகுப்பே சிரிக்கும்.

இன்று அந்த இடம் வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கழிவுநீக்கத்துக்குப் போய்விட்டேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், நரம்பு மண்டலம் இன்னும் முடியல" என்றாள். அடுத்த வாரம் என்று உட்காரவைத்தேன்.

பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். "அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். கையெழுத்துப் போடவேண்டிய தாளைக் கொடுத்தார். வீட்டில் நான் விரல் வைத்த இடத்தில் கஸ்பார் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடி அவருடைய படகு எஞ்சின் பட்டறையில் இருக்கிறதாம்.

ஜூலை 4, வியாழன்

நேற்றுச் சாயங்காலம் கஸ்பார் அலைதடுப்புப் பாறைக்குப் போய், நீர் வற்றிய நேரத்தில் கல்லோடு சேர்த்து இரண்டு கடல் சாமந்திகளை வாளியில் கொண்டுவந்துவிட்டார். இந்த உடம்போடு எதற்குப் பாறையில் ஏறினீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால், 'எந்த உடம்போட?' என்று திருப்பிக் கேட்பார். வாளியை வாங்கிக்கொண்டேன்.

விரிந்தபடியே பதப்படுத்துவதற்கு ஒரே வழிதான் உண்டு. கடல் தண்ணீரில் விட்டு அது தானாக விரியும்வரை காத்திருக்க வேண்டும். விரிந்ததும் மென்தால் தூளைத் தண்ணீர்மேல் மெல்லத் தூவ வேண்டும். அது மயங்க ஆறேழு மணி நேரமாவது ஆகும். ஊசிமுனையால் தொட்டுப் பார்த்து, ஒரு நீட்சிகூட அசையவில்லை என்றால்தான் ஃபார்மலினை விட வேண்டும். மேசையை ஆட்டக்கூடாது. நிழல் விழக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால், அதற்கு நாம் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று அதை நம்பவைக்க வேண்டும்.

காலையில் மென்தால் தூவினேன். மத்தியானம் பார்த்தபோது முக்கால்வாசி விரிந்து நின்றது. தொட்டேன், அசையவில்லை என்றுதான் தோன்றியது. வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பு வேறு. ஊற்றிவிட்டேன். ஒரு நொடிதான், எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு பாக்காகிவிட்டது.

நித்யா பக்கத்தில் நின்றதால் திட்டவும் முடியவில்லை, என்னைத்தானே திட்டவேண்டும்.

கஸ்பாரிடம் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அவசரப்பட்டுட்டியே பிலோ. இன்னொண்ணு கெடக்குல்லா, அதுக்காவது நேரம் குடு" என்றார்.

ஜூலை 5, வெள்ளி

மத்தியானமே வந்துவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. பட்டறைக்குப் போன் செய்தால் அங்கேயும் இல்லை என்றார்கள். படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டால் சோறு தண்ணீர் மறந்து அங்கேயே கிடக்கிற மனிதர், பட்டறையிலும் இல்லை என்றால் எங்கே போவார்? ஐந்து மணிக்கு வந்தார். பைக்குக்கு டயர் மாற்றப் போனாராம். டயரைப் பார்த்தேன், பழைய டயர்தான். கடையில் அளவு இல்லையாம்.

ரொம்ப நேரம் வாசல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜூலை 7, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, மஸ்கட்டில் இருக்கும் மகளுடன் வீடியோ. ஷெர்லினுக்கு வருடாவருடம் மாதா கோயில் கொடியேற்றத்துக்குத்தான் விடுப்பு. இந்த வருடம் இருபதாம் தேதியே வந்துவிடுவாள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால். தோதாக அமைந்துவிட்டது.

அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை, ரொம்பப் பேசவைக்காதே என்றேன். உடனே இரண்டு பேரும் கையால் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பட்டறையில் எஞ்சின் ஓடும்போது கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே எல்லாம் கைதான். பள்ளிக்கூடம் விட்டு அங்கேயே போய் உட்கார்ந்து வளர்ந்தவள், அவளுக்கு அந்தப் பாஷை அத்துப்படி. எனக்கு ஸ்பானர் கேட்பது மட்டும்தான் புரியும். நான் பக்கத்தில் பயறு உடைத்துக்கொண்டிருந்தேன். "காலங்காத்தால என்ன ஊமை நாடகம்" என்றேன். கஸ்பார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார்.

திடீரென்று அவள் படம் அணைந்துவிட்டது. சிக்னல் போய்விட்டதாம். பிறகு அவள் கூப்பிட்டபோது குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. ஏ.சி.யில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இதுதான் தொல்லை.

ஜூலை 8, திங்கள்

பஞ்சுயிரிகள், சொறிமீன், நட்சத்திர மீன்கள் எல்லாம் புதுக் குப்பிக்கு மாறின. கடல் அட்டையை மட்டும் நானே மாற்றினேன். அதைப் பிடிக்கத் தடை வருவதற்கு முந்திய காலத்து உருப்படி, உடைந்தால் இன்னொன்று கிடைக்காது. அதை ஏதாவது தொந்தரவு செய்தால் தன் குடலையே வெளியே கக்கிவிட்டுத் தப்பித்துப் போகும், பிறகு புதுக் குடல் வளர்ந்துவிடும் என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். நட்சத்திர மீனுக்குக் கை போனால் கை வளரும். பஞ்சுயிரியைத் துணியில் வைத்துப் பிழிந்து தூள்தூளாக்கினாலும், அந்தத் தூள் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். மூளை கிடையாது, ரத்தம் கிடையாது, அவற்றுக்கெல்லாம் இந்தச் சலுகை. இவ்வளவு பெரிய உடம்பும் மூளையும் வாய்த்த நமக்கு ஒரு துண்டு சதை முளைக்காது. யாரைக் கேட்பது?

உதவிக்கு வந்த மாணவி ஒருத்தி, "இதுல எதாவது பேசுமா மேடம்?" என்றாள். குரல்வளை முதுகெலும்புள்ளவற்றுக்கு மட்டும்தான் என்றேன். சில்வண்டு இறக்கையை உரசும், ஒரு வகை இறால் கொடுக்கால் சொடக்குப் போடும், நண்டு தட்டும். தொண்டை இல்லாததற்கெல்லாம் தட்டலும் உரசலும்தான். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.

இரவு சாப்பிடும்போது கஸ்பார், "பிலோ, ஒண்ணு பேசணும்" என்றார். நான் உடனே கடல் அட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். நிறுத்தவே இல்லை. முட்தோலிகள் குஞ்சாக இருக்கும்போது நம்மைப்போல் வலம் இடம் என்று இரண்டு பக்கத்தோடு இருந்து, வளர்ந்த பிறகு ஐந்து பக்கமாக மாறுகிற கதைவரை போனேன். அவர் கேட்டுக்கொண்டே கஞ்சியை முடித்தார். தட்டை அவரே கழுவிவைத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பன்னிரண்டாம் தேதி ஒரு இடம் காலியாகியிருக்கிறது, விருப்பமென்றால் முன்னாலேயே செய்துவிடலாமாம். அவசியமா என்று கேட்டேன். "பத்து நாள்ல பெரிய வித்தியாசம் வந்துராது. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

கேட்கவேண்டியதில்லை, பன்னிரண்டே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்னும் பத்து நாள் இந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாட என்னால் முடியாது. எதுவோ நடக்கட்டும், சீக்கிரம் நடக்கட்டும் என்றிருக்கிறது. போனை வைத்ததும் உடம்பே லேசாகிவிட்டது. வருகிற வழியில் அவருக்குப் பிடித்த பதநீர் வாங்கினேன். விஷயத்தைச் சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஷெர்லின் இருபதாந்தேதில்லா வருது?" என்றார். வந்து பார்த்துக்கொள்ளட்டுமே, அதற்குள் நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்றேன். "சரி, உனக்கு எது தோதோ அப்படிச் செய்" என்றார்.

ஜூலை 10, புதன்

ஷெர்லின் போனில் அழுகிறாள். விடுப்பை மாற்றித் தரமாட்டார்களாம். சின்ன ஆபரேஷனுக்கு எதற்கு இந்த அழுகை என்று அதட்டினேன். அப்பாவிடம் கொடுங்கள் என்றாள்.

ஜூலை 11, வியாழன்

விடுப்பு. ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினேன். கைலி நான்கு, துண்டு, ஃபிளாஸ்க், அவர் ஜெபமாலை.

மீதியிருந்த கடல் சாமந்தியை நேற்றே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இன்று விட்டால் இனி எப்போது உட்காருவேன் என்று தெரியாது. சாப்பாட்டு மேசையில் கண்ணாடித் தட்டை வைத்து, மின்விசிறியை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பத்து மணிக்கு விரிந்தது. மென்தால் தூவினேன். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் படுக்கையறையில் இருந்தார். பதினொரு மணிபோல, "பிலோ" என்றார். போனேன். "ஒண்ணுமில்ல" என்றார். வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி "பிலோ". தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாமாம். மூன்றாவது தடவை "பிலோமினா" என்று முழுப்பெயர். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டது. கரகரவென்று தகரம் தேய்க்கிற குரலில் அது விநோதமாகக் கேட்டது. எழுந்தபோது நாற்காலி மேசையில் இடித்து, தட்டு ஆடி, நீட்சிகள் பாதி சுருங்கிவிட்டன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு அசைவு பட்டாலும் மூடிக்கிடும்னு தெரியும்லா? சும்மா சும்மா கூப்பிட்டா நான் என்ன செய்ய? என்னதான் வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம். கூப்பிட்டுப் பாத்தேன்" என்றார்.

அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

சுருங்கியது திரும்ப விரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. மாலை ஆறு மணிவரை நான் நகரவில்லை. ஊசியால் தொட்டேன், அசைவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். பிறகுதான் ஃபார்மலினைச் சொட்டுச் சொட்டாக ஓரத்தில் விட்டேன். ஒரு நீட்சிகூட மடங்கவில்லை. அப்படியே முழுப் பூவாக நின்றது. இத்தனை வருடத்தில் என் கையால் நான் செய்ததில் இதுதான் உருப்படியானது. எடுத்துக்கொண்டுபோய் அவருக்குக் காட்டினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஜூலை 12, வெள்ளி

ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டரைக்கு வெளியே. குரல்வளையை எடுத்தாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. புற்று. கடந்த மாதக் கடைசியிலேயே எனக்குத் தெரியும், முடிவை நான்தான் வாங்கிவந்தேன். அந்தச் சொல்லை இதுவரை எழுதவில்லை. எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? படித்தவள் செய்கிற காரியமா இது.

முழுக்க எடுத்துவிட்டோம், பிழைத்துவிடுவார் என்கிறார்கள். கழுத்துக்கு நடுவில் ஒரு துளை, இனி மூச்சு அதன்வழியாகத்தான். மூக்கில் உணவுக்குழாய். பேச்சு வராது. பிற்பாடு ஏதோ கருவி வைத்துப் பார்க்கலாமாம், ஆனால் அது அவர் குரலாக இருக்காது.

கண் விழித்ததும் கையைத் துளைக்குக் கொண்டுபோனார். ஏன் என்று கேட்பார், கண்ணாலாவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்துக்கொண்டார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 17, புதன்

சளி உறிஞ்சும் குழாயைக் கையாள நர்ஸ் கற்றுத்தந்தாள். உங்களுக்குக் கை நடுங்கவே இல்லையே என்றாள்.

ஜூலை 20, சனி

ஷெர்லின் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு. வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போனதும் அழுவாள் என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே போனேன். அழவில்லை. கட்டிலில் ஏறி அவர் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கையால் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு மணி நேரத்துக்குமேல் பேசியிருப்பார்கள். விரல் மடங்குகிறது, உள்ளங்கை புரள்கிறது, முட்டி தொடையில் தட்டுகிறது. நடுவில் அவள் சிரிக்கக்கூடச் செய்தாள், அவரும் சத்தமில்லாமல் சிரித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். அவரால் சாப்பிட முடியாது, அவளும் சாப்பிடவில்லை. உரித்தது எல்லாவற்றையும் நானே தின்றேன்.

ஜூலை 24, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூக்குக் குழாய் எடுத்தாயிற்று, கூழ், கஞ்சி இறங்குகிறது. கூப்பிடுவதற்கு ஒரு எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும் தலைமாட்டில் வைத்தேன். தட்டினால் சமையலறைவரை கேட்கிறது.

ஜூலை 25, வியாழன்

குழு வந்து போயிற்று. ஷெர்லின் வீட்டில் இருந்ததால் போகமுடிந்தது. நித்யா எல்லாக் குப்பிகளையும் வரிசையில் அடுக்கியிருந்தாள். துளையுடலிகள், குழியுடலிகள், புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள். ஓடு தொலைத்த நத்தையை மட்டும் மறைத்துவைத்திருந்தாள்.

குழுவில் ஒரு பெரியவர் கடல் சாமந்தியின் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இப்படி விரிஞ்ச ஒண்ணை நான் பாத்ததே இல்ல. எவ்வளவு பொறுமை மேடம் உங்களுக்கு" என்றார்.

முதல்வர் சிஸ்டர் பெருமையாக என்னைப் பார்த்தார். நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

ஜூலை 26, வெள்ளி

கொடியேற்றம். வெடிச்சத்தம் வீடுவரை கேட்டது. அவரை விட்டுவிட்டு யாரும் போகவில்லை. சமையலறையில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஷெர்லின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அஞ்சாந்தேதியே தனியாப் போயி டாக்டரைப் பாத்துட்டாங்க. என்ன நோவு, குரல் போயிரும், எல்லாத்தையும் கேட்டுட்டு வந்துருக்காங்க. ஏழாந்தேதி வீடியோல எங்கிட்ட கையால சொன்னாங்க. நீங்க பக்கத்துலதாம்மா பயறு உடைச்சிட்டு இருந்தீங்க."

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"'அம்மாவா சொல்லும்போது சொல்லட்டும், அதுவரைக்கும் தெரியாத மாதிரியே இருந்துக்கிடுதேன்'னாங்க. இருபதாந்தேதி நான் வந்ததும் மூணு பேரும் உக்காந்து பேசணும்னு இருந்தோம். ரெண்டு நாள் முழுசா இருந்துச்சுல்லா. என் கல்யாணத்துல எனக்கு என்ன சொல்லணும்னு இருந்தாங்களோ அதையெல்லாம் இப்பவே சொல்லிருவேன்னாங்க. போன்ல வேண்டாம், நேர்ல சொல்லணும்னாங்க."

எனக்குக் கீரைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது. நான்தான் தேதியை மாற்றினேன்.

"மாத்தினப்போ நீங்க வேண்டாம்னு சொல்லுங்கப்பான்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'உங்கம்மா முகம் எத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் தெளிஞ்சிருக்கு, பதநீர்லாம் வாங்கிட்டு வந்துருக்கா, நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன், விடு'ன்னாங்க."

அவள் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டையாவது போட்டிருப்பேன். சும்மா என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பத்து நாள் அவருக்குச் சொந்தமான குரல், அதை நான் அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு பூச்சிக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஷெர்லின் மத்தியானப் பூசைக்குப் போயிருக்கிறாள். அவள் போவதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவர் என் முகத்திலேயே பார்த்துவிட்டார். கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். புறங்கையால் காற்றைத் தள்ளினார். அது எனக்கே புரிந்தது.

பிறகு கேட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மூன்று தடவை கூப்பிட்டீர்களே, எதற்கு? ஏதோ சொல்ல நினைத்தீர்கள், நான் எரிந்து விழுந்தேன். இப்போது சொல்லுங்கள்.

அவர் ஷெர்லினைப் பார்த்துக் கையை அசைத்தார். கொஞ்சம்தான் அசைத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாம்மா. உங்க பேரைச் சொல்லிப் பாத்தாங்களாம். இருக்கும்போதே சொல்லிக்கிடலாம்னு."

அவள் கிளம்பிப் போனாள். நான் சமையலறைக்கு வந்து மீன் குழம்பைக் கொதிக்கவைத்தேன். உளுவைக் குழம்பு, எனக்கும் ஷெர்லினுக்கும் மட்டும். அவருக்குத் தனியாகக் கஞ்சி. கரண்டியை எடுக்கும்போது தம்ளர் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

போனேன். என்ன வேண்டும் என்றேன்.

ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

நான் திரும்பிப் போகவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மறுபடி தட்டினார். "இங்கதான் இருக்கேன்" என்றேன். மறுபடி தட்டினார். இங்கேதான் இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மூக்கால் மூச்சு இல்லாததால் அவருக்கு இப்போது வாசனை தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.